ஜூலைக் குளிரில் ஒரு கோடை முகாம்: டர்பன் வட்டாரத்துக் காது கேளாத பிள்ளைகளிடையே ஓர் ஊழியப் பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு நட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய மேட்டு நிலத்தில் இருக்கும் ஒரு விடுதியில், காது கேளாத பிள்ளைகளுக்காக ஐந்து நாள் முகாம் ஒன்று நடந்தது. அமெரிக்காவிலிருந்து குறுகிய கால ஊழியப் பயணமாக வந்த ஒரு குழு அதை நடத்தியது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நான் போய்வரும் சபை உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனித்தது. வந்தவர்களின் சட்டைகளிலும் வாசலில் கட்டிய துணிப் பதாகையிலும் 'கோடை முகாம்' என்று அச்சிட்டிருந்தது. முதல் நாள் காலையில் கதவைத் திறந்தபோது புல்தரை முழுவதும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அவர்கள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்த தண்ணீர் பலூன்களைக் கடைசி நாள்வரை யாரும் வெளியே எடுக்கவில்லை.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம் என்பது பள்ளிப் பாடம்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பயணத் தேதியைக் குறித்தபோது பருவத்தை யாரும் யோசிக்காமல் விட்டது மூன்றாம் நாள் இரவில் வேறு வடிவத்தில் எங்கள்முன் வந்து நின்றது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். டர்பன் துறைமுகத்தைச் சார்ந்த சரக்குக் கணக்கு வேலையில் இருக்கிறேன். முகாமில் வண்டி ஏற்பாடு, சாப்பாடு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குதல் ஆகியவை என் பொறுப்பு. சைகை மொழியில் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போதும் தட்டுத்தடுமாறித்தான் பேசுகிறேன். ஆகவே என் கண்ணால் கண்டதோடு, முகாமில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்த, தாமும் காது கேளாதவரான ஓர் அம்மையாருடன் பின்னர் உட்கார்ந்து எடுத்த குறிப்புகளையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அவரைத் தலைவி என்றே குறிப்பிடுகிறேன். பிள்ளைகள், குழு, சபை எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை.

முன்கதை

மிஷனரிகளுக்கும் காது கேளாதோருக்குமான உறவு நம்மவர்களுக்குப் புதிதன்று. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் நடக்கிறது. மாலை வேளைகளில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் கைகளால் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் கதை ஏறத்தாழ இதேதான். அயர்லாந்திலிருந்து கேப் டவுனுக்கு வந்த தொமினிக்கன் கன்னியரும், 1881இல் வூஸ்டரில் பள்ளி திறந்த டச்சு சீர்திருத்தச் சபையாரும், கிங் வில்லியம்ஸ் டவுனுக்கு வந்த ஜெர்மானியக் கன்னியருமே இந்நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு அடித்தளம் போட்டவர்கள். ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சையே வலியுறுத்தியபின், உலகெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று.

இந்நாட்டில் அதன்மேல் நிறவெறி ஆட்சியும் ஏறி உட்கார்ந்தது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று எனப் பிரித்தபோது, காது கேளாத பிள்ளைகளையும் அதே கோட்டில் நிறுத்திப் பிரித்தார்கள். வெள்ளையர் பள்ளிகளில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி முதன்மை பெற்றது. கறுப்பினப் பள்ளிகளில் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் பேஜெட்-கோர்மன் முறை புகுத்தப்பட்டது. பிள்ளைகளோ இரண்டையும் வகுப்போடு விட்டுவிட்டு, விடுதி அறையிலும் விளையாட்டுத் திடலிலும் தங்கள் மொழியைத் தாங்களே பேசி வளர்த்தார்கள். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இப்படி வளர்ந்ததுதான். 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் அதைப் பயிற்று மொழியாக ஏற்றது. 2018இல் முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வில் அது தாய்மொழிப் பாடமாக எழுதப்பட்டது. எங்கள் முகாம் முடிந்து இரண்டு வாரத்துக்குள், 2023 ஜூலை 19 அன்று, அதிபர் சிரில் ராமபோசா கையெழுத்திட, நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாயிற்று. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களோடு வந்த தமிழுக்கு இந்த நாட்டில் அந்த இடம் கிடைக்கவில்லை. சாட்ஸ்வொர்த்துத் தமிழர்களிடம் இதைச் சொன்னால் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தப் பிள்ளைகளாவது காப்பாற்றிக்கொண்டார்களே' என்பார்கள்.

பயணக் குழுக்களின் வரலாற்றில் நினைக்க வேண்டிய இன்னொருவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான அவர், தாமும் காது கேளாதவர். 1957இல் கானாவில் தொடங்கி, 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும்வரை, ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். அவர் சென்ற இடங்களில் அமெரிக்கச் சைகை மொழியும் கூடவே சென்று வேரூன்றியது. அதைக் கொடை என்று சொல்பவர்களும் உண்டு, உள்ளூர்ச் சைகைகள் நசுங்கின என்று வருந்துபவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அவர் பள்ளி தொடங்கவில்லை. இங்கு ஏற்கெனவே ஒரு மொழி வளர்ந்து நின்றது. எங்கள் முகாமுக்கு வந்த குழு இதை அறியாமல் வந்தது.

இரண்டு கைமொழிகள்

குழுவில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் அமெரிக்கச் சைகை மொழியை நன்றாகப் பேசினார்கள். மற்றவர்கள் புறப்படுவதற்குமுன் சில வாரம் பயின்று, வாழ்த்தும் நிறங்களும் நான்கைந்து பாடல்களும் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். அனைவரும் காது கேட்பவர்கள். நல்ல மனத்தோடு, சொந்தச் செலவில், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்றுதான் என்ற எண்ணம் அவர்களில் பலரிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் சபையில் என்னையும் சேர்த்துப் பெரும்பாலோரிடமும் இருந்தது. ஒரே ஆங்கிலத்தைப் பேசும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாத தனி மொழிகள் என்பதையும், இந்தியச் சைகை மொழி இவை இரண்டிலும் சேராதது என்பதையும் அந்த வாரத்தில்தான் அறிந்தேன்.

குழப்பத்தை வளர்த்தது விரலெழுத்து. ஒற்றைக் கையால் ஆங்கில எழுத்துகளைக் காட்டும் முறை இரு நாடுகளிலும் பெரிதும் ஒத்துப்போகிறது. முதல் நாள் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டியபோது பிள்ளைகள் புரிந்துகொண்டு திருப்பிக் காட்டவே, மொழி ஒன்றுதான் என்று குழு மகிழ்ந்தது. இயேசுவைக் குறிக்க உள்ளங்கையின் ஆணித்தழும்பைத் தொட்டுக்காட்டும் சைகையும் பல நாடுகளுக்குப் பொதுவானது; அதையும் பிள்ளைகள் அடையாளம் கண்டார்கள். அடுத்த நாள் காலையில் தொலைந்த ஆட்டின் கதையைச் சைகையில் சொல்லத் தொடங்கியபோது நிலைமை தெளிவாயிற்று. பிள்ளைகளின் கண்கள் கதை சொன்னவரின் கையைவிட்டு விலகிப் பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்குப் போயின. 'இவர் என்ன சொல்கிறார்?' என்ற கேள்வி வரிசை வரிசையாகப் பின்னே நகர்ந்தது. புரியாத இடங்களிலெல்லாம் கதை சொன்னவர் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிக் காட்டினார். ஆங்கிலம் இன்னும் சரியாகப் படிக்க வராத எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி உதவும்?

பலகைக் கணினிகளில் அமெரிக்கச் சைகை மொழி வேதாகமக் காணொளிகளையும் அவர்கள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பல பத்தாண்டு உழைப்பில் 2020இல் முழுமையடைந்த அந்த மொழிபெயர்ப்பு பெரிய சாதனைதான். இங்கேயோ, தென்னாப்பிரிக்கச் சைகை மொழியில் வேதாகமக் கதைகளைக் காணொளியாக மொழிபெயர்க்கும் பணி தனியே நடந்துவருகிறது. முன்கூட்டி ஒரு மின்னஞ்சலில் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சபை ஏற்பாடு செய்த உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர். சைகை மொழிபெயர்ப்பு உடலும் மூளையும் சேர்ந்து களைக்கும் வேலை. ஆகையால் நீண்ட கூட்டங்களுக்கு இருவரை வைத்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது வழக்கம். எங்கள் ஆளோ காலை ஒன்பது மணியிலிருந்து இரவுவரை தனியாக நின்றார். இரண்டாம் நாள் மாலையில் அவர் மணிக்கட்டைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். செலவுக் கணக்கை எழுதியவன் நான் என்பதால் அந்தப் பிழையில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன்: இரண்டாவது ஆளுக்கான தொகையை வெட்டியது என் பேனாதான்.

ஜெபம் இன்னொரு தடுமாற்றம். குழுத் தலைவர் வழக்கப்படி 'கண்களை மூடுவோம், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வோம்' என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சைகையில் சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைகளுக்குக் காது போய்விடும், கையைப் பிடித்தால் வாய் போய்விடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பணிவாகக் கைகோத்து, கண்ணைத் திறந்தபடியே, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தலைவி எழுந்து நடுவில் வந்து, கைகளை விடச்சொல்லிவிட்டுத் தாமே ஜெபித்தார். பிள்ளைகளின் முகங்கள் அனைத்தும் அவர்பக்கம் திரும்பின.

சாப்பாட்டு மேசை

குறைகளையே அடுக்கினால் முகாமைத் தவறாகக் காட்டியதாகும். மிக நன்றாக நடந்த ஒன்று சாப்பாட்டு நேரம்; அதை யாரும் திட்டமிடவில்லை. விடுதியில் நீள மேசைகளுக்குப் பதிலாக வட்ட மேசைகள் கிடந்தன. வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியும். பீன்ஸ் கறியும் ரொட்டியும் வைத்த முதல் மதியமே சாப்பாடு ஒன்றரை மணிநேரம் நீடித்தது. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பேச்சு. அவசரமானால் ரொட்டியையும் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பேச்சு. ஒருவரைக் கூப்பிட மேசையைத் தட்டினார்கள். அறை முழுவதையும் கூப்பிட விளக்கை அணைத்துப் போட்டார்கள். சமையலறையிலிருந்து பார்த்தால் சத்தமில்லாத திருமண வீடுபோல இருந்தது. சத்தமில்லை என்பதும் சரியன்று: தட்டும் ஓசையும் சிரிப்பும் நாற்காலி இழுபடும் ஒலியுமாக, காது கேட்பவர்களுக்குத்தான் அங்கே இரைச்சல் தாங்கவில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தலைவி எனக்கு விளக்கினார். காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்பது அமெரிக்க ஆய்வுகளில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. இங்கும் அவர் கண்டவரையில் அப்படித்தான். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. சாப்பிடு, தூங்கு, வா, போ என்ற அளவில் வீட்டுக்குள் உண்டாக்கிக்கொண்ட சில குறிகளோடு உறவு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் கூடுகிறார்கள், யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரிக்கிறார்கள், பிள்ளை 'என்ன?' என்று தோளைத் தட்டுகிறது. 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்று பதில் வருகிறது. அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. 'நாற்பது வருஷப் பிறகுகள் எனக்குப் பாக்கி' என்றார் தலைவி. அவர் படித்த காலத்தில் வகுப்பில் கையை அசைத்தால் அடி விழும்.

முகாமுக்கு வந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன் சாட்ஸ்வொர்த்தில் தன் ஆயாவோடு, அதாவது பாட்டியோடு, வளர்பவன். அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்க நான் போயிருந்தபோது அந்த ஆயா எனக்கு ரூய்போஸ் தேநீர் கொடுத்துவிட்டுத் தமிழில் பேசத் தொடங்கினார். அவர் தெருவில் தமிழ் பேச ஆளில்லை என்பதால் என்னை எளிதில் விடவில்லை. பேரனுக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் அவன் முன்னால் கையைத் தட்டுவேன், பிறகு இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன் என்றார். முகாமின் இரண்டாம் நாள் அந்தப் பையன் தன் மேசையில் ஏதோ நீண்ட கதை சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன கதை என்று மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தேன். ஆயா பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிய கதை. வீட்டில் ஊமைப் பிள்ளை என்று பேரெடுத்தவன் அவன்.

மூன்றாம் இரவு

குழுவின் நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாள் இரவு 'தீமூட்டமும் சாட்சிகளும்' என்றிருந்தது. சாட்சி என்றால் ஒருவர் தம் விசுவாச அனுபவத்தைச் சொல்வது. அவர்கள் ஊரில் ஜூலை மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிவரைகூட வெளிச்சம் இருக்கும். இங்கு ஐந்தேகால் மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். ஏழு மணிக்கு நெருப்பை மூட்டிப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தார்கள். நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று சாட்சி சொன்னவரின் உருவம் கரிய நிழலாக மட்டுமே தெரிந்தது. கைகள் இருப்பதே தெரியவில்லை. அப்போது இன்னொன்றும் நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு இந்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. லோட் ஷெடிங் என்பது எங்கள் அன்றாடப் பேச்சில் சாப்பாடு, தூக்கம்போல ஆகிவிட்டிருந்தது. வராந்தாவில் இருந்த இரண்டு குழல்விளக்குகளும் அணைந்தன. காது கேட்கும் பிள்ளைகளுக்கு மின்வெட்டு என்றால் இருட்டு மட்டும்தான், பேச்சு தொடரும். இங்கே பேச்சே அறுந்தது. சின்னப் பிள்ளைகள் இருவர் அழுதார்கள். அழுத பிள்ளைக்கு ஆறுதல் சொல்லவும் வெளிச்சம் தேவைப்பட்டது.

தலைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, பிள்ளைகளை ஏற்றிவந்த கோம்பி என்னும் சிறுபேருந்து வண்டியைக் காட்டினார். அதைத் திருப்பி முகவிளக்குகளைப் போடச்சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வண்டியைப் புல்தரைமேல் ஏற்றி விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவருடைய மூச்சுப் புகை, பிறகு கைகள். நிகழ்ச்சி நிரலை ஓரமாக வைத்துவிட்டு அவர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வரும் கதையைச் சொன்னார். தெக்கப்போலி நாட்டில் காது கேளாத மனிதனை இயேசுவிடம் அழைத்துவந்த கதை. நம் தமிழ் வேதாகமத்தில் அவனைக் குறிக்கும் பழைய சொற்களை இன்று யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அவர் கையில் அவன் வெறுமனே 'நம்மில் ஒருவன்'. நான் அந்தப் பகுதியை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் அவனைக் குணமாக்க இயேசு சொன்ன 'எப்பத்தா' (திறக்கப்படுவாயாக) என்ற சொல்லிலேயே நிற்பார்கள். தலைவி நின்றது அதற்கு முன்னால். இயேசு அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோனார். காதில் விரலை வைத்துக் காட்டினார், நாவைத் தொட்டுக் காட்டினார், வானத்தை அண்ணாந்து பார்த்துக் காட்டினார். வாய்ச்சொல் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னே நடந்ததெல்லாம் அந்த மனிதனின் கண்ணுக்கான பேச்சு. அவனோடு அவன் மொழியில் முதலில் பேசியவர் அவர் என்று கதையை முடித்தார். பிள்ளைகள் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். வண்டியின் பேட்டரி அன்றிரவே தீர்ந்துபோனது வேறு கதை.

காதின்மேல் வைத்த கைகள்

மறுநாள் காலையில் நடந்ததை எழுதலாமா என்று தலைவியிடம் கேட்டேன். எழுதத்தான் வேண்டும் என்றார். குழுவைச் சேர்ந்த ஒருவர் ஆர்வமிகுதியில், பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, காதுகளின்மேல் கையை வைத்துச் சுகத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் சபையினர் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். சாட்ஸ்வொர்த்துப் பெந்தெகொஸ்தே சபைகளில் இது வழக்கமான காட்சிதான். என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பே சொன்ன பையன் தன் முறை முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம் போய் இரண்டு கேள்விகள் கேட்டான்: இப்போதே கேட்குமா, நாளைக்கா? கேட்காவிட்டால் அது என் தவறா?

தலைவி வரிசையை நிறுத்தினார். பெரியவர்கள் தனியாக ஓர் அறையில் கூடினோம். ஒன்றேமுக்கால் மணிநேரப் பேச்சு. சுகமளிக்கும் தேவனை நம்பாதே என்று யாரையும் தாம் சொல்லவில்லை என்றும், ஆனால் முகாம் முழுவதும் 'நீ இருக்கிறபடியே தேவனுடைய பிள்ளை' என்று சட்டையில் அச்சடித்து அணிந்துகொண்டு, கூடவே 'உன்னைப் பழுதுபார்க்க வேண்டும்' என்று கையால் சொல்வது பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்றும் கேட்டார். எங்கள் போதகர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாமே ஜெபம் கேட்டு வரும் பெரியவர்களுக்கு ஜெபிப்பது வேறு, அப்படிக் கேட்டு வராத பிள்ளையின் காதில் கைவைப்பது வேறு என்று ஒரு கோடு கிழித்தார். அது முழுத் தீர்வன்று என்பது என் கருத்து. ஆனால் அந்த முகாமில் அந்தக் கோடு நின்றது. ஜெபித்த அந்த மனிதர் மதியம் பையனிடம் மொழிபெயர்ப்பாளரோடு போய் மன்னிப்புக் கேட்டார். அதற்குத் துணிவு வேண்டும்.

சம்மதம்

பெற்றோரிடம் நான் கொண்டுபோன படிவத்தில் 'விடுமுறை முகாம்' என்று மட்டும் இருந்தது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஜூலு வீடுகளிலிருந்து வந்தவர்கள். இந்திய வம்சாவளிப் பிள்ளைகளில் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இஸ்லாமியரும் கலந்திருந்தார்கள். வேதாகமக் கதைகள் சொல்லப்படும், ஜெபம் நடக்கும் என்பதைப் படிவம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். காது கேட்கும் பிள்ளையாவது வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் அதைச் சொல்லிக் கேட்க ஆளில்லை. ஆகையால் இங்கே அந்த மறைப்பு இரட்டிப்புப் பிழை. நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, பழைய விடுமுறை வேதாகமப் பள்ளிப் படிவத்தைச் சுருக்கியபோது அந்த வரி போய்விட்டது என்பது விளக்கம்தான், சமாதானம் ஆகாது.

முகாம் முடிந்தபின் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னோம். வாசலில் விளக்குமாடமும் முற்றத்தில் சாமிக்குக் கட்டிய சிவப்புக் கொடியும் வைத்திருக்கும் அந்த ஆயாவிடமும் சொன்னேன். "தம்பி, எந்தச் சாமியா வேணா இருக்கட்டும். என் பேரன் அங்க பேசினானா, அதச் சொல்லு" என்றார். பல்செட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அதை அவன் எப்படிக் கையால் காட்டினான் என்று கேட்டார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. வேறொரு வீட்டில் தகப்பனார் என்னை வாசலிலேயே நிறுத்தி, அடுத்த ஆண்டு அனுப்ப மாட்டேன் என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

பாதுகாப்பு விதிகளில் குறையில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, பிள்ளைகளோடு பணிபுரியத் தகாதவர்களின் பெயர்கள் தேசியப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இருக்கும். உள்ளூர்த் தொண்டர் அனைவரையும் அதில் சரிபார்த்தோம், வந்தவர்களிடம் அவர்கள் நாட்டுக் காவல்துறைச் சான்று வாங்கினோம். புகைப்படங்களில்தான் தளர்வு: பிள்ளைகளின் முகங்கள் முகாம் முடியுமுன்பே குழுவினரின் பக்கங்களில் ஏறிவிட்டன. கேட்டதும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு

அந்தக் குழு 2024இல் மீண்டும் வந்தது. ஆனால் நான்கு பேராக, அவர்களில் இருவர் காது கேளாதவர்கள். அமெரிக்கச் சைகை மொழிதான் அவர்களுடையதும். ஆயினும், இரு நாட்டுக் காது கேளாதோர் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட வேகம் எங்களுக்கு வியப்பாக இருந்தது. முகம், உடல், காட்சி, நடிப்பு எல்லாவற்றையும் அவர்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். முதல் மாலைக்குள் வேடிக்கைக் கதை பரிமாறும் அளவுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்த இருவருக்கும், எழுத்துக்கூட்டாமல் ஒரே சைகையால் அழைக்கும் சைகைப் பெயர் வைத்தார்கள். முந்தைய ஆண்டு வந்த இருபது பேரில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிகழ்ச்சிகளைத் தலைவியும், முன்பு இதே பிள்ளைகள்போல இருந்து இப்போது வேலைக்குப் போகும் இளைஞர் சிலரும் நடத்தினார்கள். வந்தவர்கள் சமைத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், பந்து பொறுக்கிப் போட்டார்கள்.

மிச்சமான விமானக் கட்டணத்தின் ஒரு பகுதியில், சனிக்கிழமைதோறும் எங்கள் சபை மண்டபத்தில் குடும்பங்களுக்கான சைகை மொழி வகுப்பு தொடங்கியது. ஆறு வீடுகளிலிருந்து வருகிறார்கள். அந்த ஆயாவும் வருகிறார். மூட்டுவலியால் விரல்கள் மடங்காமல் சில சைகைகள் கோணலாக விழுகின்றன, பேரன் திருத்துகிறான். கோயில் கொடியேற்றம் இருக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்கிறார்.

தீராத காரியம் ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இப்போது இருவர்; இருவருக்கும் நாள்கூலி கொடுக்கிறோம். தலைவிக்கும் இளைஞர்களுக்கும் கொடுப்பதில்லை; ஊழியம்தானே என்று சபைக் குழுவில் சிலர் வாதிடுகிறார்கள். காது கேட்பவர் சைகை பேசினால் தொழில், காது கேளாதவர் பேசினால் ஊழியமா என்று தலைவி எழுதிக் கொடுத்த தாள் பொருளாளரின் கோப்பில் கிடக்கிறது. அடுத்த குளிர்கால முகாமுக்கு மின்கலத்தில் எரியும் பெரிய விளக்குகள் ஆறு வாங்க ஒப்புதல் ஆகிவிட்டது. இந்தத் தாள் மட்டும் வரும் மாதக் கூட்டத்துக்கு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.